மடியில் வெண்கலப் பானை, எதிரே ஏர்பேக்: கோவில்பட்டியில் இருந்து சாஸ்தா கோவிலுக்கு ஒரு பிக்கப் பயணம்

போன வாரம் தாராபுரத்தில் இருந்து ஒரு வாசகர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: ‘ஏர்பேக் உள்ள பிக்கப் வாங்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் தோட்டத்துப் பாதை முழுக்கக் குண்டும் குழியும். பள்ளத்தில் இறங்கினாலே பை வெடித்துவிடும், எதற்கு வம்பு, சாதா வண்டியே எடு என்கிறார் மச்சான். நீங்கள் ஓட்டுகிறீர்களே, உண்மையா?’

வெடிக்காது என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அது முழுப் பதில் இல்லை. எங்கள் வண்டியின் ஏர்பேக் இன்றுவரை வெடித்ததில்லை. வெடிக்காமலேயே அது எங்கள் குடும்பத்தில் பார்த்த வேலை கொஞ்சநஞ்சம் இல்லை. அதனால் 2009 பங்குனி உத்திரத்தன்று கோவில்பட்டியில் இருந்து எங்கள் சாஸ்தா கோவிலுக்கு நான் ஓட்டிப் போன கதையை முழுசாகவே எழுதிவிடுகிறேன். ஒரு வழிக்கு 44 கிலோமீட்டர். அதில் தார் ரோடு 39, மண் பாதை 5. அந்த ஐந்தைக் கடக்க எனக்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. தீப்பெட்டி பண்டல்களுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் ஒரு சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் எட்டு மாதம் கடலில்தான். சரக்கும் ஏற்ற வேண்டும், வீட்டு ஆட்களும் ஏற வேண்டும் என்பதால் டபுள் கேபின் பிக்கப் ஒன்றை வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்காரரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். முன்னால் இரண்டு சீட், பின்னால் மூன்று பேர் உட்காரும் சீட், அதற்கும் பின்னால் சரக்குத் தொட்டி. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. முன்னால் இரண்டு பக்கமும் ஏர்பேக். எங்கள் தெருவில் அப்படி ஒரு வண்டி அதற்கு முன் நின்றதில்லை. டாஷ்போர்டில் ‘எஸ்.ஆர்.எஸ்’ என்று பொறித்திருந்ததை எஸ்டேட்காரரின் இனிஷியல் என்றே இரண்டு மாதம் நினைத்திருந்தோம். ஏர்பேக் மூடியின் அடையாளம் அது என்று யாரும் சொல்லவில்லை. நல்ல சமதளமாக, பார்த்ததும் தெரிகிற இடமாக இருக்கிறதே என்று அந்த எழுத்துகளுக்கு மேலேயே நான்கு அங்குலப் பித்தளைப் பிள்ளையாரை நானே என் கையால், இரும்பையும் பிடிக்கும் பசை போட்டு ஒட்டிவைத்தேன். சிரிக்காதீர்கள், உங்கள் வண்டியிலும் போய்ப் பாருங்கள்.

அடுத்தது பானை. எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்கு எங்கே இருந்தாலும் குலதெய்வமான சாஸ்தா கோவிலுக்கு வந்து பொங்கல் விடுவார்கள். என் வீட்டுக்காரர் குடும்பத்தில் அதற்கு ஒரு கூடுதல் முறை உண்டு. பொங்கல் பானையை அந்த வீட்டில் பிறந்த பெண்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டில் இருந்து எடுத்தால் கோவிலில்தான் இறக்க வேண்டும், நடுவில் தரையில் படக் கூடாது. மாட்டு வண்டிக் காலத்திலும் சரி, வேன் காலத்திலும் சரி, பானை வைத்திருப்பவருக்கு முன்னால்தான் இடம். சாமிப் பானை எல்லாருக்கும் முன்னால் போக வேண்டும் என்பது கணக்கு.

பிறந்த பெண் என்றால் என் வீட்டுக்காரரின் அக்காதான். எனக்கு மைனி. ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் ஏழு ஏக்கர் கரிசலில் தனி ஆளாக மிளகாயும் உளுந்தும் பருத்தியும் போடுகிறவர். அவர் வீட்டுக்காரர் இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருடமும் பானை மைனி கைக்கு வரவில்லை. தாலி இல்லாதவர் முன்னால் உட்கார்ந்து சாமிப் பானை கொண்டுவருவது சகுனத்துக்கு ஆகாது என்று குடும்பத்தில் மூத்தவரான சின்ன மாமா சொல்லிவிட்டார். என் மாமனாரின் தம்பி அவர். கயத்தாறில் உரக்கடை வைத்திருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பிடித்தால் விட மாட்டார். ஆறு வருடமும் அவர் மகள்தான் பானையைக் கொண்டுவந்தாள். மைனி வேனின் கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவார்.

வண்டி வாங்கிய வருடம் அது. சின்ன மாமா மகளுக்கு அந்த மாதம்தான் பிரசவம் ஆகியிருந்தது. நான் கயத்தாறுக்கு போன் போட்டுச் சொன்னேன்: “இந்த வருஷம் பானை என் வண்டியில வருது மாமா. மைனிதான் கொண்டாருவாவ. முன்னாலதான் உக்காருவாவ.” சின்ன மாமா, “பானைய வேணா எடுத்துட்டு வரட்டும். முன்னால வேண்டாம்மா,” என்றார். என் வண்டியில் யார் எங்கே உட்கார்வது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த கெத்தைச் சொல்லி முடியாது.

நான்கு நாள் கழித்து அந்தக் கெத்து திருநெல்வேலியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இறங்கிப்போனது. மண் பாதையில் போகப் போகிறோமே என்று வண்டியைக் காட்டக் கொண்டுபோயிருந்தேன். கேரளாவில் பெரிய வண்டிகளில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த மெக்கானிக் அண்ணாச்சி. கதவைத் திறந்தவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, பிள்ளையாரைத்தான் பார்த்தார்.

“தங்கச்சி, இவரை எதுக்கு இங்கன கொண்டு ஒட்டுனீய?”

“நல்லாத் தெரியுற இடம்னுதான் அண்ணாச்சி.”

“இதுக்கு அடியிலதான் பைய மடிச்சு வச்சிருக்கு. வண்டி எதுலயாவது மோதுச்சுன்னா கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள மூடியப் பிச்சுக்கிட்டு வரும். பிள்ளையாரு அப்படியே எதுத்தாப்புல உக்காந்திருக்கவிய நெத்திக்கு வந்துருவாரு.”

தாராபுரம் வாசகரின் கேள்வியை அன்றைக்கே அவரிடம் கேட்டுவிட்டேன். குலுக்கத்துக்கு வெடிக்குமா? அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “குலுங்குததுக்கெல்லாம் வெடிக்காது. ஓடுத வண்டி செவுத்துல முட்டுன மாதிரி சட்டுனு நிக்கணும், அதுதான் அதுக்குக் கணக்கு. ஆனா நீங்க வேகமாப் போயி பள்ளத்துல மூக்கக் குத்துனீயன்னா அதுவும் அதுக்கு மோதல்தான். செவுரா வரப்பான்னு அது எறங்கியா பாக்கும்?” வண்டியின் முன்னால் எஸ்டேட்காரர் யானைக்குப் பயந்து ஒரு பெரிய இரும்புக் கம்பி கார்டு மாட்டி வைத்திருந்தார். அதையும் கழற்றச் சொன்னார். கம்பெனி போடாத கம்பி நேராகச் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், முறுக்கியிருந்தால், அடி உள்ளே போகிற விதமே மாறிவிடும். பை எப்போது வெடிக்கும், எப்போது வெடிக்காது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். கழற்றக் கூலி 250 ரூபாய். பிள்ளையாரைப் பெயர்க்க ஒரு மணி நேரம் ஆனது, அதற்குக் காசு வாங்கவில்லை.

கடைசியாகத்தான் பானையைப் பற்றிக் கேட்டேன். வெண்கலப் பானை, அரிசி வெல்லம் எல்லாம் சேர்த்து ஏழு கிலோ, முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள் என்றதும் அண்ணாச்சி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“வேண்டாம் தங்கச்சி. மடியில பானை இருந்தா, பைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல பானை. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல.”

அந்த சீட்டின் பையை மட்டும் நிறுத்தி வைக்க எங்கள் வண்டியில் சுவிட்ச் கிடையாது. கோவில்பட்டியில் ஒரு எலக்ட்ரீஷியன், “ஃபியூஸப் புடுங்கிருவோம்க்கா, அம்பது ரூவா குடுங்க,” என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன். பிடுங்கினால் எனக்கும் பை இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் இல்லை. நெடுஞ்சாலையில் நான்குவழி வேலை நடந்துகொண்டிருந்த நேரம். எதிரே லாரி எந்தப் பக்கம் திரும்பும் என்று சாஸ்தாவுக்கே தெரியாது. பையே இல்லாவிட்டாலும் சடன் பிரேக் போட்டால் ஏழு கிலோப் பானை பூப்போல இருக்குமா? வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் இதை மைனியிடம் எப்படிச் சொல்வது? ஆறு வருடம் கழித்து முன்னால் உட்காருங்கள் என்று கூப்பிட்டதும் நான், பின்னால் போங்கள் என்று சொல்ல வேண்டியதும் நான்.

உத்திரத்துக்கு முந்தின நாள் மைனி கோவில்பட்டி வந்துவிட்டார். நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடிக்கும்வரை பானைக்கு மஞ்சள் துணி கட்டிக்கொண்டே கேட்டார்.

“ஏட்டி தனம், பின் சீட்டுல உக்காந்தா அந்தப் பை அங்கன வராதுல்லா?”

“வராது மைனி. முன்னால மட்டுந்தான்.”

“அப்ப பின்னால உக்காருதேன். இதுக்குப் போயி ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையுத.”

“சின்ன மாமா என்ன சொல்லுவாவன்னு தெரியுமா?”

“அவிய சொல்லுதது எனக்கு என்ன புதுசா?”

சொல்லிவிட்டுத் துணியின் முடிச்சை இறுக்கினார். அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் கோடை மழை அடித்துப் பெய்தது.

காலை 6.40க்குக் கிளம்பினோம். முன் சீட் காலி, பின்னால் மைனி, மடியில் பானை. கயத்தாறு 22 கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் மூன்று இடத்தில் ரோட்டை மாற்றி விட்டிருந்ததால் போய்ச் சேர 7.35 ஆனது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இட்லியும் காபியும், மூன்று பேருக்கு 54 ரூபாய். மைனி பானையை இறக்க முடியாதே, அதனால் அவருக்கு இலையோடு வண்டிக்கே கொண்டுபோய் ஊட்டி விட்டேன். மூன்றாவது ஆள் சின்ன மாமா. மற்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் முந்தின நாள் மழைக்கு முன்பே டிராக்டரில் கோவிலுக்குப் போய்விட்டார்கள். பானையோடு வர வேண்டும் என்று இவர் மட்டும் காத்திருந்தார்.

வந்தவர் பின் சீட்டில் மைனியைப் பார்த்தார், முன் சீட் காலியாக இருப்பதைப் பார்த்தார். முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டு, “பாத்தியா, மொறைப்படி எல்லாம் தன்னால அமைஞ்சிருச்சு,” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன். கண்ணாடியில் மைனியைப் பார்த்தேன். கண்ணாலேயே ‘ஓட்டு’ என்றார்.

சின்ன மாமா மடியில் ஒரு சாக்குப் பை, அதில் பதினோரு தேங்காய். “மடியில எதுவும் இருக்கக் கூடாது மாமா, பெல்ட்டப் போடுங்க, முன்னால சாயாதீய,” என்று வரிசையாகச் சொன்னேன். முனகிக்கொண்டே சாக்கைக் காலுக்கடியில் சீட்டின் கீழே திணித்தார். நானும் அதைக் கவனித்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அது என் தப்பு. பின்னால் வருகிறேன் அதற்கு.

8.05க்குக் கயத்தாறை விட்டு மணியாச்சி ரோட்டைப் பிடித்தோம். ரயில்வே கேட்டில் பதினைந்து நிமிடம் போனது. 17 கிலோமீட்டர் போய் இடது பக்கம் மண் பாதையில் திரும்பியபோது மணி 8.55. பன்னிரண்டுக்குள் பொங்கல் பொங்க வேண்டும். முதல் ஒன்றரை கிலோமீட்டர் சரள் போட்ட பாதை, மழைக்கு இன்னும் இறுகியிருந்தது. பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போனேன். இரண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடித்த வெறும் நிலம், கறுப்பாக மின்னிக்கொண்டு. கரிசல் மழைக்குப் பிறகு பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அதில் வண்டி ஓட்டாதவரை.

சரள் முடிகிற இடத்தில் ஒரு ஓடை. டிராக்டர் போன தடம் தெரிந்தது, அதைப் பிடித்தே இறங்கினேன். ராத்திரித் தண்ணீர் அந்தத் தடத்தின் நடுவில் பள்ளம் பறித்து, அதில் சேற்றையும் நிரப்பி வைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. முன் சக்கரம் இரண்டும் ஒரேயடியாக உள்ளே இறங்கி, எதிரே இருந்த உடைந்த சிமெண்டுக் குழாயில் டமார் என்று முட்டியது. வண்டி அப்படியே நின்றது. சின்ன மாமா, “சாஸ்தாவே,” என்றார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் வெடிக்கவில்லை. நடக்கிற வேகத்தில்தான் இறங்கினேன், அதுதான் காப்பாற்றியது. சின்ன மாமாவைப் பெல்ட் பிடித்து வைத்திருந்தது. பின்னால் திரும்பினால் மைனி பானையைக் கட்டிப்பிடித்து, முதுகை முன் சீட்டுக்குக் கொடுத்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஒரு அரிசி சிந்தவில்லை. ஆனால் என் முன்னால் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. உட்கார்ந்திருக்கிற ஆளும், அவன் முன்னால் ஒரு உருண்டையும் போட்ட படம். ஏர்பேக் விளக்கு. எஞ்சினை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், திரும்பவும் எரிந்தது. அந்த விளக்கு அணையாமல் எரிந்தால் பை வேலை செய்யாமல் போகலாம் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். தானாக வெடிக்குமா என்று நான் கேட்டு வைக்கவில்லை. செல்லில் சிக்னலும் இல்லை.

“மாமா, எறங்குங்க. இந்த சீட்டுல இனி யாரும் உக்காரக் கூடாது.”

“நான் எங்கன உக்கார?”

“மைனி பக்கத்துல.”

என்னையும் மைனியையும் மாறி மாறிப் பார்த்தார். இறங்கிப் பின்னால் ஏறினார். நான் என் சீட்டை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, கை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து, நாலு சக்கரத்தையும் லோ கியரில் போட்டு ஓடையைவிட்டு ஏற்றினேன். அது நான் ஓட்டியதிலேயே நல்ல ஏற்றம். யாரும் பாராட்டவில்லை, அதனால் நானே இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏறினதோடு சரி. நானூறு மீட்டர் போவதற்குள் கரிசல் வேலையைக் காட்டியது. சக்கரத்தில் ஒட்டிய மண் அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் மண்ணை இழுத்துக்கொள்ளும். அது மட்கார்டு இடுக்கை நிரப்பிச் சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும். டயரில் பட்டை இருந்ததே தெரியவில்லை, நாலும் களிமண் உருண்டை. இறங்கிக் குச்சியால் இருபது நிமிடம் சுரண்டினேன். ஏறி ஓட்டினால் ஐம்பது அடி போகும், மறுபடி அதே கதை. இரண்டு தடவை இப்படிச் செய்ததில் மணி 10.05 ஆகிவிட்டது. இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது.

சின்ன மாமா இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார். பின் கதவருகே போய் இரண்டு கையையும் நீட்டினார். “நேரம் ஆவுது. பானைய எங்கிட்ட குடு. நான் நடந்து போயி சேத்துருதேன்.”

நேரம் போகிறது என்பது நிஜம். வேறு வழி சொல்ல என்னிடமும் இல்லை. வாயைத் திறந்து ஏதாவது சொன்னால் சண்டையாகிவிடும், சொல்லாவிட்டால் பானை போய்விடும்.

மைனி பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அவர் கையைத் தாண்டிக் கீழே இறங்கினார். வெறுங்கால். “பானை எங்கிட்டயே இருக்கட்டும் சித்தப்பா. நீங்க செருப்பக் கையில எடுத்துக்கிடுங்க, இல்லன்னா மண்ணு தின்னுரும்,” என்றார். பிறகு பாதையையும் நிலத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “இந்த வண்டிப்பாதைய விடு. டிராக்டரு மிதிச்சுப் பொடியாக்குனத மழை கூழாக்கிருச்சு. பொழி வழியா வா. நான் முன்னால போறேன், நான் கால் வச்ச எடத்துல சக்கரத்த வை.”

பொழி என்றால் இரண்டு பேர் நிலத்துக்கு நடுவில் உழாமல் விட்டிருக்கும் புல்லுக்கரை. அருகம்புல் வேர் மண்ணைப் பின்னிப் பிடித்திருக்கும், மழைக்கும் நெகிழாது. இடது சக்கரம் பொழியில், வலது சக்கரம் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடி, பிடுங்காமல் நின்ற நிலத்தின் ஓரத்தில். கரிசலில் வருடம் முழுக்க நடக்கிறவருக்கு எது தாங்கும் எது தாங்காது என்று காலே சொல்லும். மைனி நாலு எட்டு வைப்பார், ஒரு இடத்தில் குதிகாலால் அழுத்திப் பார்ப்பார், இடது கையை விரித்து ‘இந்தப் பக்கம்’ என்பார். ஒரு காலில் மண் சப்பாத்து மாதிரி ஏறிவிட்டால் மறுகாலால் வழித்துவிட்டு மறுபடி நடப்பார். ஏழு கிலோ இடுப்பில். நடுவில் வலது இடுப்பில் இருந்து இடதுக்கு மாற்றியதோடு சரி, ஒரு தடவைகூட நின்று மூச்சு வாங்கவில்லை.

நான் முப்பது அடி இடைவெளி விட்டுப் பின்னாலேயே ஊர்ந்தேன். சறுக்கினால் அவர் மேல் போய்விடக் கூடாதே என்று அந்த இடைவெளி. விளக்கு அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. சின்ன மாமா வண்டிக்கும் பின்னால், கைக்கொரு செருப்பாக, வழுக்கி வழுக்கி வந்தார். கண்ணாடியில் அவரையும் எதிரே மைனியையும் பார்த்துக்கொண்டே ஓட்டியதில், கோவில் நெருங்கும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சாமிப் பானை முன்னால் போகிறது. முன் சீட்டைவிடவும் முன்னால்.

11.10க்குக் கோவில் இருக்கும் குளத்துக்கரை ஏறினோம். நாற்பது பேர் பாதையையே பார்த்து நின்றார்கள். வண்டி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது மைனிதான். முழங்கால் வரை கறுப்பு மண், இடுப்பில் மஞ்சள் துணி கட்டிய பானை, பின்னால் ஒரு பெரிய வண்டி மெதுவாக ஊர்ந்து வருகிறது. ஒரு பெண் குலவை போட்டாள். அடுத்தடுத்து எல்லாப் பெண்களும் போட்டார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுவிட்டேன். அழ வேண்டிய நேரம்தான் அது.

பூசாரி பானையைப் பார்த்துவிட்டு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: “பானை யாரு கையில வந்துச்சு?”

பின்னால் இருந்து மூச்சிரைக்கச் சின்ன மாமாதான் பதில் சொன்னார்: “எங்க அண்ணன் மக கையில. நடந்தே கொண்டாந்தா. வண்டி அவ பின்னால வந்துச்சு.”

11.45க்குப் பொங்கல் பொங்கியது.

திரும்பும்போது நாலு மணி. வெயிலில் மேல் மண் காய்ந்து பாதை பாதி இறுகிவிட்டது. தார் ரோட்டுக்கு வர நாற்பது நிமிடம்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் முன் சீட்டைக் காலியாகவே விட்டுவிட்டேன். மறுநாள் திருநெல்வேலி அண்ணாச்சி சீட்டுக்கடியில் கையை விட்டு ஒரு தேங்காய் நாரை எடுத்துக் காட்டினார். ஏர்பேக்குக்கும் பெல்ட்டுக்கும் போகிற மஞ்சள் நிற ஒயர் பிளக் அங்கேதான் இருக்கிறது. முட்டிய வேகத்தில் பதினோரு தேங்காயும் அதில் போய் மோதிப் பிளக்கைத் தளர்த்திவிட்டிருந்தன. மடியில் வைக்காதே என்று சொன்ன நான் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மாட்டிச் சரிபார்த்து விளக்கை அணைக்க 450 ரூபாய். தானாக வெடித்திருக்குமா என்று கேட்டேன். பிளக் தளர்ந்தால் பொதுவாக வெடிக்காது, தேவையான நேரத்தில் வராமல் போவதுதான் பயம் என்றார்.

ஆக, தாராபுரம் அன்பருக்கு. ஏர்பேக் உள்ள வண்டியையே வாங்குங்கள். தோட்டத்துப் பாதைக் குலுக்கலுக்கு அது வெடிக்காது. ஆனால் ஓடை, வாய்க்கால், உடைந்த குழாய், மரக்கட்டை என்று சட்டென்று நிறுத்தக்கூடிய எதையும் நடக்கிற வேகத்தில் கடந்து போங்கள். முடிந்தால் ஒருவர் இறங்கிக் குச்சியால் குத்திப் பார்க்கட்டும், நான் செய்யத் தவறியது அதுதான். பெல்ட் இல்லாமல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் பையே அடிக்கும், சீட்டைப் பின்னால் தள்ளி நிமிர்ந்து உட்காருங்கள். கம்பி கார்டு வேண்டாம். சாமியை டாஷ்போர்டில் ஏர்பேக் மூடிக்கு மேல் ஒட்டாதீர்கள், கண்ணாடிக்கு மேலே படமாக மாட்டுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சீட்டுக்கடியில் சாக்குமூட்டை திணிக்காதீர்கள். ஃபியூஸைப் பிடுங்குகிறேன் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த சீட்டில் ஆளை ஏற்றாமல் மெதுவாக ஒர்க்‌ஷாப் போய்ச் சேருங்கள். கரிசலில் மழை பெய்து ஒரு நாள் ஆகவில்லை என்றால் போகவே போகாதீர்கள். போயே ஆக வேண்டும் என்றால் அந்த மண்ணில் விவசாயம் பார்க்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். டீசலுக்கு அன்று போக வர 350 ரூபாய் போட்டேன், லோ கியரில் ஊர்ந்ததுதான் நிறையக் குடித்தது.

இந்த வருடமும் உத்திரத்துக்குப் போனோம். மழை இல்லை. பாதை எலும்பாகக் காய்ந்து, வெடிப்பு விட்டுக் கிடந்தது. கோவில் வாசல் வரை வண்டியிலேயே போய் இறங்கியிருக்கலாம். முன் சீட் காலி, பின் சீட்டில் பானையோடு மைனி, பக்கத்தில் சின்ன மாமா. ஓடையைத் தாண்டினதும், “தனம், நிப்பாட்டும்மா,” என்று ஒரு குரல். திரும்பினேன். சின்ன மாமா கதவைத் திறந்து இறங்கி, மறுபக்கமாகச் சுற்றி வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். இந்தத் தடவை மைனி பானையை அந்தக் கையில் கொடுத்தார். அவர் இறங்கிச் சேலையைச் சொருகி நிமிரும்வரை வைத்திருந்துவிட்டு, சின்ன மாமா அதைப் பதனமாக அவர் இடுப்பில் ஏற்றிவிட்டார். “நட தாயி,” என்றார். மைனி நடந்தார். நான் லோ கியரைப் போட்டேன்.